எலுமிச்சையும் முளைப்பயறும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

நோயுற்றோரை நலம் விசாரிக்கச் செல்வதை நம் மார்க்கம் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறது. அவ்வாறு செல்வோர் வெறுங்கையோடு செல்வதில்லை. மருத்துவமனை வாயிலில் இருக்கும் பழக்கடையில் ஒரு கிலோ சாத்துக்குடியோ ஆரஞ்சோ வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவது நெடுநாள் வழக்கம். நாமும் அவ்வாறே செய்துவந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் காலை வகுப்பில் மாணவி ஒருவர் மயங்கிச் சரிந்தார். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது என்றார். மாலையில் வழக்கம்போல் பழப்பையுடன் மருத்துவமனைக்குச் சென்றோம். படுக்கையருகே அமர்ந்திருந்த தாயார் பையை வாங்கி வைத்துக்கொண்டு தயங்கியவாறே கேட்டார்: "சார், பீடி சுத்துற கூலியில தெனம் ரெண்டு சாத்துக்குடி வாங்கிப் பிழிஞ்சு கொடுக்கிறேன். இதுல ரத்தம் ஊறிடுமா?"

அகத்திணை, புறத்திணை பற்றி எக்கேள்வி எழுந்தாலும் விடை கூறத் தயங்காத நாம், அவ்வம்மையாரின் கேள்விக்கு விடையறியாது நின்றோம். மனையியல் பயிற்றும் நண்பர்களை அணுகியும் நூல்களைத் தேடியும் நாம் அறிந்துகொண்டவற்றின் தொகுப்பே இக்கட்டுரை. எலுமிச்சை இனத்துப் பழங்களையும் முளைகட்டிய பயறுகளையும் ஒப்பிட்டு, அவை ஒவ்வொன்றும் நமக்குத் தருவன யாவை, தராதன யாவை என்று ஆராய்வது இதன் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறையின் மலரில் எழுதுகிறோம் ஆதலின் சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு, பம்பளிமாசு ஆகிய யாவும் ஓரினம். குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் மலர்களுள் ‘நரந்தம்’ ஒன்று. அதனை நாரத்தம்பூ என்று பொருள் கொள்வோர் உளர். நாரத்தை என்னும் சொல்லோடு உறவுடைய திராவிட மூலமே வடமொழியில் ‘நாரங்க’ என்றும், பாரசீகத்தில் ‘நாரங்’ என்றும், அரபியில் ‘நாரஞ்ச்’ என்றும் வழங்கி, அரபியர் வழியே ஸ்பானிய மொழிக்குள் புகுந்து, இறுதியில் ஆங்கிலத்தில் ‘ஆரஞ்ச்’ ஆயிற்று என்பது மொழியியலார் பலர் கருத்து. நம் மண்ணிலிருந்து புறப்பட்ட சொல் உலகைச் சுற்றி ‘ஆரஞ்சு’ என்னும் புதுப்பெயருடன் நம் கடைவீதிக்கே திரும்பி வந்திருக்கிறது. அதனைப் பிழிந்து நாம் அருந்தும் ‘சர்பத்’தும் பருகுதல் என்னும் பொருளுடைய அரபி வேரிலிருந்து பிறந்த சொல்லேயாகும்.

குர்ஆன் ஓதும் நல்லடியாரை, மணமும் சுவையும் ஒருங்கே வாய்ந்த ‘உத்ருஜ்’ கனிக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒப்பிட்டுள்ளார்கள். அதுவும் நாரத்தை இனத்தைச் சார்ந்த பெரும்பழமே. இவ்வினத்துக்கு மக்கள் மனத்தில் உயர்ந்த இடம் அமைந்ததில் வியப்பில்லை.

பயற்றின் நிலை வேறு. அது விருந்தினர்க்கு வைக்கும் பொருளாக எண்ணப்படுவதில்லை. ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பாகக் கரைந்தும், நோன்பு திறக்கும் தட்டில் சுண்டலாக அமர்ந்தும் அது தன் பணியை அமைதியாகச் செய்துவருகிறது. நனைத்த பயற்றை ஈரத்துணியில் முடிந்து, சமையலறை மூலையில் எம் தாயார் தொங்கவிட்டிருந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் அவிழ்த்தால் ஒவ்வொரு மணியிலிருந்தும் வெண்முளை எட்டிப் பார்க்கும். அச்சிறு முடிச்சுக்குள் நிகழ்ந்தது யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடலில் கற்ற பாடம்

எலுமிச்சை இனத்தின் புகழுக்குக் காரணம் அதிலுள்ள உயிர்ச்சத்து ‘சி’, அதாவது வைட்டமின் சி. உடலின் திசுக்களைப் பிணைத்து நிறுத்தும் கொலாஜன் என்னும் புரதம் செவ்வனே அமைய இச்சத்து வேண்டும். இது நெடுநாள் கிட்டாதபோது ஈறுகள் வீங்கிக் குருதி கசியும், பற்கள் ஆடும், ஆறிய புண்ணும் மீண்டும் வாய்திறக்கும், முடிவில் உயிரும் போகும். ‘ஸ்கர்வி’ எனப்படும் இந்நோய், காய்கனி காணாது பல மாதம் கடலில் மிதந்த மாலுமிகளைக் கூட்டங்கூட்டமாகப் பலிகொண்டது.

1747-ஆம் ஆண்டு மே மாதம், ‘சாலிஸ்பரி’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மருத்துவரான ஜேம்ஸ் லிண்ட், இந்நோயுற்ற மாலுமியர் 12 பேரைத் தெரிவு செய்து, இருவர் இருவராக ஆறு பிரிவாக்கினார். உணவு அனைவருக்கும் ஒன்றே. மருந்து மட்டும் வெவ்வேறு. ஒரு பிரிவினர்க்கு ஆப்பிள் மது, மற்றொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், பிறவற்றுக்குக் காடி, கடல்நீர், பூண்டும் கடுகும் கலந்த லேகியம். எஞ்சிய இருவர்க்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும். ஆறே நாளில் பழங்கள் தீர்ந்துபோயின. ஆயினும் அதற்குள் அவ்விருவருள் ஒருவர் பணிக்குத் திரும்பும் நிலையை எய்தினார். மற்றவர் பிற நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறினார்.

லிண்ட் தம் நூலை 1753-இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியதோ 1795-இல். அவர் அதற்கு முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். கைக்கெட்டிய உண்மை வாய்க்கெட்ட 42 ஆண்டுகள் கடந்தன. லிண்டும் ஒரு பிழை செய்தார். பழம் அழுகாதிருக்கச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துப் பாகாக்கும் முறையைப் பரிந்துரைத்தார். இச்சத்து வெப்பத்துக்கு ஆற்றாதது என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

சொல் மயக்கம் விளைத்த கேடு

இவ்வரலாற்றின் அடுத்த பகுதி மொழி பயில்வோர் கருத்தூன்றி நோக்கற்பாலது. நாம் ‘எலுமிச்சை’ என்னும் ஒரே சொல்லால் இரு பழங்களைக் குறிக்கிறோம். ஒன்று ஆங்கிலத்தில் ‘லெமன்’ எனப்படும் பெரிய, தடித்த தோலுடைய மஞ்சள் பழம். மற்றொன்று ‘லைம்’ எனப்படும் சிறிய, மெல்லிய தோலுடைய பழம். நம் ஊர்ச் சந்தையில் கூறுகட்டி விற்பது பின்னதே. அக்கால ஆங்கிலேயரும் இரண்டின் சாற்றையும் ‘லைம் ஜூஸ்’ என்றே வேறுபாடின்றி வழங்கினர்.

பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்றே என்று எண்ணிவிட்டனர் போலும். 1860-களில் மத்தியதரைக்கடல் நாட்டு எலுமிச்சைக்கு மாற்றாக, மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சிறிய பழத்தின் சாற்றைக் கடற்படை ஏற்றது. புதுப்பழத்திலேயே சிறியதன் சத்து பெரியதைவிடக் குறைவு. பிழிந்து, சேமித்து, நாள்பட வைத்தபோது இன்னும் தேய்ந்தது. 1875-இல் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட ஜார்ஜ் நேர்ஸ் குழுவினர் அச்சாற்றை எடுத்துச் சென்றும் ஸ்கர்விக்கு ஆளாயினர். அதனால் எலுமிச்சை இந்நோயைத் தீர்க்கும் என்பதையே அறிஞர் சிலர் ஐயுறத் தலைப்பட்டனர். சொல் மயங்கியதால் பொருள் மயங்கிற்று. அம்மயக்கத்துக்கு மாந்தர் உயிரே விலையாயிற்று.

உலர்ந்த விதையில் உறங்கும் ஆற்றல்

இனிப் பயற்றின் பக்கம் திரும்புவோம். காய்ந்த பயற்றில் உயிர்ச்சத்து ‘சி’ இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சொற்பம். மூட்டை மூட்டையாகப் பருப்பைத் தின்றாலும் ஸ்கர்வி தீராது. ஆனால் அப்பயற்றை நீரில் ஊறவிட்டு முளைக்கவிடும்போது நிலை மாறுகிறது. நீர் உள்ளே புகுந்ததும் விதையிலுள்ள நொதிகள் விழிக்கின்றன. மாவுச்சத்து எளிய சர்க்கரையாகவும், புரதத்தின் ஒரு பகுதி அமினோ அமிலங்களாகவும் உடைகின்றன. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சிலவகைச் சர்க்கரைகள் குறைகின்றன. இவற்றினும் வியப்புக்குரியது, முன்பு இல்லாத உயிர்ச்சத்து ‘சி’யை அம்முளை தானே புதிதாக ஆக்கிக்கொள்வதுதான். பழமோ மரம் ஆக்கித் தந்த சத்தைச் சுமந்து நிற்பது. பயறு தன் சத்தை நம் சமையலறையிலேயே, நம் கண்ணெதிரே ஆக்கிக்கொள்வது.

ஆடும் மாடும் இச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கும் குரங்கினத்துள் பலவற்றுக்கும் கினிப்பன்றிக்கும் அத்திறன் இல்லை. 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்களான ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிஷ் இருவரும் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்து அவற்றுக்கு ஸ்கர்வி வருவதைக் கண்டனர். உலர்ந்த விதைகளில் இல்லாத நோய்தீர்க்கும் ஆற்றல் முளைத்த விதைகளில் உண்டு என்பதை அதே நாட்டைச் சேர்ந்த ஃபூர்ஸ்ட் 1912-இல் சோதனையால் நிறுவினார்.

அவ்வாற்றல் முளையின் உயிரோடு ஒட்டியது. கேப்டன் ஜேம்ஸ் குக் 1768-இல் ‘எண்டெவர்’ கப்பலில் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது, முளைத்த வாற்கோதுமையைச் சூளையில் உலர்த்திய மால்ட்டை ஸ்கர்விக்கு மருந்தென நம்பி எடுத்துச் சென்றார். சூட்டில் உலர்த்தியபோதே அதிலிருந்த உயிர்ச்சத்து பெரும்பாலும் அழிந்துவிட்டிருந்தது. அவருடைய மாலுமிகளைக் காத்தவை, கரைசேர்ந்த இடமெல்லாம் அவர் தேடித்தேடி ஏற்றிய பச்சைக் காய்கீரைகளே.

போர்முனையில் ஓர் ஒப்பாய்வு

பழத்தையும் முளையையும் நேருக்கு நேர் நிறுத்திய சோதனை முதல் உலகப்போரின்போது நிகழ்ந்தது. அதற்கு முன்னோடியாக ஒரு துயர நிகழ்ச்சியைக் கூற வேண்டும்.

1915 டிசம்பர் 7 முதல் 1916 ஏப்ரல் 29 வரை, இன்றைய ஈராக்கிலுள்ள கூத் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையை உதுமானியப் படை முற்றுகையிட்டிருந்தது. உள்ளிருந்தோர்க்கு உணவு குறைந்தது; குதிரைகளை அறுத்து உண்ணும் நிலை வந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் குதிரை இறைச்சியை உண்டனர். அப்புத்திறைச்சி அவர்களை ஸ்கர்வியிலிருந்து ஓரளவு காத்தது. ஆனால் அவர்கள் தின்ற வெள்ளை ரொட்டியில் தயமின் என்னும் உயிர்ச்சத்து இன்மையால் பெரிபெரி நோய் பற்றியது. இந்தியச் சிப்பாய்களோ தவிடு நீங்காத கோதுமை மாவை உண்டதால் பெரிபெரியினின்று தப்பினர். ஆனால் இந்துக்களும் முஸ்லிம்களுமாகிய அவர்களுள் பெரும்பாலோர் குதிரை இறைச்சியைத் தீண்ட மறுத்தனர். தாயகத்துச் சமயத் தலைவர்களின் இசைவு பெறப்பட்ட பின்னரும் பலர் இறுதிக்கட்டம்வரை ஏற்கவில்லை. அவர்களை ஸ்கர்வி வாட்டியது. ஒரே அரணுக்குள் இருவகை உணவு, இருவகை நோய்.

மெசபொட்டேமியப் போர்முனை முழுவதுமே ஸ்கர்வி படையை வருத்தவே, பாலைவெளியில் பழம் கிடையாத இடத்தில் என்ன செய்வது என்னும் கேள்வி எழுந்தது. இலண்டன் லிஸ்டர் ஆய்வகத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம் முதலிய பெண் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். இந்தியச் சிப்பாயின் பையில் எப்போதும் இருக்கும் பருப்பை, தோல்நீக்காத முழுப்பயறாக வழங்கி முளைகட்டினால் அதுவே மருந்தாகும் என்று அவர்கள் காட்டினர். லெமனும் லைமும் ஒன்றல்ல, சிறிய பழத்தின் சாறு ஆற்றலில் மிகக் குறைந்தது என்று சோதனையால் நிறுவி, அரை நூற்றாண்டாக நீடித்த சொல் மயக்கத்தைத் தீர்த்தவர்களும் அவர்களே.

அதே காலத்தில் வில்ட்ஷயர் என்னும் மருத்துவர், ஸ்கர்வியுற்ற செர்பிய நாட்டுப் படைவீரர்களை மருத்துவமனையின் இரு கூடங்களில் பிரித்து வைத்தார். ஒரு கூடத்தார்க்குப் புத்தெலுமிச்சைச் சாறு. மறுகூடத்தார்க்கு முளைகட்டிய அவரை விதை. 1918-இல் வெளியான அவர்தம் முடிவின்படி, முளைப்பயறு உண்டோர் சாறு அருந்தியோர்க்குச் சற்றும் பின்தங்கவில்லை. சில வார அளவில் சற்று முந்தியே நலம் பெற்றனர். இருபெருங் கூடங்களில் நடந்த அப்பந்தயத்தில், ஏழையின் பயறு செல்வரின் கனியோடு தோளோடு தோள் நின்றது.

பின்னர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-இல் பிரித்தெடுத்த பொருளே அவ்வுயிர்ச்சத்து எனத் தெளிவாயிற்று. 1937-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

எண்கள் கூறுவன

நம் நாட்டில் உணவுப்பொருள்களின் சத்துகளை அளந்து அட்டவணையிடும் பணி நம் நீலகிரிக் குன்னூரில் வேரூன்றியது. அங்கு இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பு பற்றிய கையேட்டை வெளியிட்டார். அவ்வாய்வகமே பின்னர் ஹைதராபாத்துக்குச் சென்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. அக்கையேட்டை விரிவாக்கியவர்களுள் முதன்மையானவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். அமெரிக்க வேளாண்துறை அட்டவணைப்படி, 100 கிராம் எடையில் அடங்கியுள்ளவை:

ஆரஞ்சுச் சுளை: உயிர்ச்சத்து ‘சி’ 53 மில்லிகிராம், புரதம் 0.9 கிராம், இரும்பு 0.1 மில்லிகிராம், ஃபோலேட் 30 மைக்ரோகிராம்.

சிறிய எலுமிச்சையின் சாறு: ‘சி’ 30 மில்லிகிராம், புரதம் 0.4 கிராம், இரும்பு 0.1 மில்லிகிராம், ஃபோலேட் 10 மைக்ரோகிராம்.

முளைகட்டிய பாசிப்பயறு: ‘சி’ 13 மில்லிகிராம், புரதம் 3 கிராம், இரும்பு 0.9 மில்லிகிராம், ஃபோலேட் 61 மைக்ரோகிராம்.

முளைகட்டிய முழு மசூர்: ‘சி’ 16.5 மில்லிகிராம், புரதம் 9 கிராம், இரும்பு 3.2 மில்லிகிராம், ஃபோலேட் 100 மைக்ரோகிராம்.

எண்களைப் படிக்கும்போது விழிப்பு வேண்டும். மேற்கண்ட பாசிப்பயறு நீண்ட முளைவிட்டது. அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீரே. வீட்டில் ஒருநாள் முடிந்துவைத்துச் சிறு முளை கண்டதும் எடுக்கும் பயற்றில் நீர் குறைவு. ஆதலின் புரதமும் இரும்பும் எடைக்கு எடை மிகுந்திருக்கும். உயிர்ச்சத்து ‘சி’யோ முளை இரண்டு மூன்று நாள் வளர வளரப் பெருகும்.

வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு உயிர்ச்சத்து ‘சி’ 80 மில்லிகிராமும், பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நடுத்தர அளவுள்ள ஓர் ஆரஞ்சே பெண்ணின் ஒருநாள் தேவையை நிறைவேற்றிவிடும். முளைகட்டிய பாசிப்பயற்றால் மட்டும் அதனை நிறைவேற்ற வேண்டுமாயின் அரைக்கிலோ உண்ண வேண்டும், அது இயலாது. ஸ்கர்வியைத் தடுக்க 10 மில்லிகிராமே போதுமாதலால் போர்முனையில் முளைப்பயறு வென்றது. நாள்தோறும் நலமாக வாழ அது மட்டும் போதாது. இந்த ஒரு சத்தில் எலுமிச்சை இனத்துக்கே முதலிடம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் இச்சத்துக்கு ஆரஞ்சே கதி என்பதும் இல்லை. நம் கொல்லைக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

இரும்பும் எலுமிச்சையும்

இப்போது அத்தாயாரின் கேள்விக்கு வருவோம். சாத்துக்குடிச் சாற்றால் இரத்தம் ஊறுமா? சாறு மட்டும் தனித்து அதனைச் செய்யாது. இரத்தச் சிவப்பணுவுக்கு இரும்பும் புரதமும் ஃபோலேட்டும் வேண்டும். முதல் இரண்டும் சாத்துக்குடியில் இல்லையென்றே சொல்லலாம், பயற்றில் உண்டு. இதோடு விடை முடிந்தால் பயறே வென்றது என்று எழுதி நிறுத்தியிருப்போம்.

ஆனால் பயற்றிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேர்வதன்று. பயற்றின் ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பிணித்து வைத்துக்கொள்கிறது. முளைகட்டும்போது இப்பிணிப்பு ஓரளவு தளர்கிறது. எஞ்சியதைத் தளர்த்தி, இரும்பைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றுவது உயிர்ச்சத்து ‘சி’. அதுவும் அதே வேளை உணவோடு சேர்ந்து செல்ல வேண்டும். காலையில் அருந்திய சாறு இரவில் உண்ட பயற்றுக்கு உதவாது. முளைப்பயற்றின் மீது எலுமிச்சையைப் பிழியும்போதுதான் பயற்றின் இரும்பு நமக்குப் பயன்படுகிறது.

ஒப்பாய்வு என்றால் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவது என்று எண்ணியே இத்தேடலைத் தொடங்கினோம். எலுமிச்சைக்கு இல்லாத இரும்பைப் பயறு வைத்திருக்கிறது. அதனைத் திறக்கும் சாவியை எலுமிச்சை வைத்திருக்கிறது.

தேயிலை இதற்கு நேர் எதிரானது. உணவோடும் உணவு முடிந்த கையோடும் அருந்தும் தேநீர் இரும்பை உடல் ஏற்காவண்ணம் தடுக்கிறது. உண்டபின் ஒரு மணி நேரமேனும் கழித்து அருந்துவது நன்று. சுண்டலும் தேநீரும் ஒரே நேரத்தில் வழங்கும் நம் கூட்டங்களின் அமைப்பாளர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இஃது ஒரு மாணவியின் குறையன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழகத்தில் 53 பேருக்கு. நம் வகுப்பறையின் பெண்கள் வரிசையில் பாதிப்பேர் என்று இதற்குப் பொருள்.

கவனிக்க வேண்டியவை

பயற்றைக் கழுவி இரவில் நல்ல நீரில் ஊறவிட்டு, காலையில் நீரை வடித்து, தூய ஈரத்துணியில் முடிந்து வைக்க வேண்டும். இடையிடையே தூய நீரால் அலச வேண்டும். முளைக்கு உகந்த ஈரமும் கதகதப்பும் நோய்க்கிருமிக்கும் உகந்தவையே. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வழியே பரவிய கிருமியால் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆதலின் கருவுற்றோர், குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோர் முளைப்பயற்றைப் பச்சையாக உண்ணலாகாது. ஆவியில் நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

வேகவைத்தால் சத்து போய்விடாதா என மாணவர் வினவலாம். அளவாக வேகவைத்த பாசிப்பயற்று முளையில் உயிர்ச்சத்து ‘சி’ 13-இலிருந்து 11 மில்லிகிராமாகவே குறைவதை அட்டவணை காட்டுகிறது. இழந்ததை ஈடுசெய்ய எலுமிச்சை இருக்கவே இருக்கிறது. ஆயின் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே சேர்க்க வேண்டும். எலுமிச்சைச் சோறு கிளறும் நம் தாய்மார் சாற்றை இறுதியிலேயே ஊற்றுவர். காய்ந்தால் கசக்கும் என்பது அவர்கள் கூறும் காரணம். லிண்ட் தவறவிட்ட பாடத்தை நம் அடுப்படி சுவையின் வழியே கற்றுவைத்திருக்கிறது.

இன்னொன்றும் கூறியாக வேண்டும். பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு கிண்ணம் முளைப்பயறு அதில் சிறு பங்கே தரும். இரத்தசோகை முற்றியவர்க்கு மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைக்கு உணவு மாற்றாகாது, துணையாகும். மருந்தை நிறுத்திவிட்டுப் பயற்றை மட்டும் நம்பியிருத்தல் பேதைமை.

முடிவுரை

அம்மாணவி மாத்திரையாலும் மாற்றிய உணவாலும் தேறி, பட்டம் பெற்றுச் சென்றார். அத்தாயாரிடம் நாம் கூறிய விடை இதுதான்: "இரண்டு சாத்துக்குடி வாங்கும் காசில் ஒரு பிடி பாசிப்பயறும் ஓர் எலுமிச்சையும் ஒரு கொய்யாவும் வாங்குங்கள் அம்மா. முளைகட்டி, அவித்து, பிழிந்து கொடுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் மட்டும் வேண்டாம்." அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா செஞ்சதுதான் சார். பயறு ஏழைப்பட்டவங்க சாப்பாடுன்னு நாங்கதான் விட்டுட்டோம்" என்றார்.

அவ்வம்மையார் கூறிய அச்சொற்களே நம்மை இதனை எழுதத் தூண்டின. மாணவ மணிகள் விடுதியில் வாரம் இருநாளேனும் முளைப்பயறு கேட்டுப் பெறுதல் வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் மயங்கி விழும்வரை காத்திராது, சோர்ந்த முகங்களைக் கண்டறிந்து சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். பள்ளிவாசல்களில் நோன்பு திறக்க ஏற்பாடு செய்யும் பெரியோர், தட்டில் வைக்கும் சுண்டலை முளைகட்டிய பயற்றால் ஆக்கி, பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு ஒன்று வைத்தல் வேண்டும். செலவு கூடாது, பயன் கூடும்.

நாம் இப்போதும் நோயாளிகளைக் காணப் பையுடன்தான் செல்கிறோம். பையில் ஒரு கிலோ பாசிப்பயறும் ஆறு எலுமிச்சையும் இருக்கும். முதலில் வியப்போடு வாங்கிக்கொள்வோர், காரணத்தைச் சொன்னதும் முளைகட்டும் முறையைக் கேட்டு எழுதிக்கொள்கின்றனர்.